ரங்கத்தின் காப்பி

9 ஏப்ரல் 1957, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. மன்னார்புரம் ஸ்டாப்பில் ஒதுங்க நிழல் இல்லை. பஸ்ஸில் கண்டக்டருக்கும் ஒரு பெரியவருக்கும் நயா பைசாச் சண்டை. "பழைய காசுக்குப் புதுக் காசு எவ்வளவுன்னு நான் எந்த ஸ்கூல்ல போய்ப் படிக்கிறது?" பாலம் தாண்டியும் தீரவில்லை. காவிரி முழுக்க மணல்.

ரங்கத்துக்குத் தலை வாரி, நகம் வெட்டி, படுக்கை மாற்றினேன். அத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தினோம். இப்போது அவள் ஸ்ரீரங்கத்தில் அண்ணா வீட்டுப் பின்கட்டில், தனிப் பாய், தனித் தட்டு. காசநோய். போன வாரத்திலிருந்து ஊசி வேண்டாம் என்கிறாளாம். அண்ணாவின் மனைவி நிலைப்படிக்கு அப்பால் நின்றே சொன்னார்: "நீங்க சொன்னாத்தான் கேப்பா டீச்சர். கம்பவுண்டர் வந்து வந்து திரும்பிப் போறார்."

ரங்கம் குமுட்டி அடுப்பில் தானே காப்பி போட்டு நீட்டினாள்.

"லெந்து நாள் ரங்கம். காப்பியை விட்டிருக்கேன்."

நிஜம்தான். சாம்பல் புதனிலிருந்து தொடவில்லை; ஈஸ்டர் வரைக்கும் விரதம்.

"உங்க சுவாமி நன்னா சமயம் பார்த்து விரதம் வச்சிருக்கார்டீ" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் திரும்பினேன்?

வாங்க: சோப், உளுந்து. குடைக் கம்பி பழுது.

11, வியாழன்

மகள் மேரி குழந்தையோடு வந்துவிட்டாள். பேத்திக்குக் கீழ்ப்பல் இரண்டு. என் மூக்குக்கண்ணாடியை விடமாட்டேன் என்கிறாள்.

மேரி மெதுவாக: "அம்மா, ஸ்ரீரங்கம் போயிட்டு வந்தா குளிச்சிட்டுக் குழந்தையைத் தூக்குங்க." அவள் சொல்வதில் தப்பில்லை.

மாலை டாக்டரம்மாவிடம் போனேன். ஒரு சிநேகிதிக்குச் சந்தேகம், நோயாளி வீட்டில் காப்பி குடிக்கலாமா என்று கேட்டேன். "அந்தச் சிநேகிதி நீங்கதானே டீச்சர்?" என்று சிரித்தார். பாத்திரத்தைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் போதும், இருமும்போது நோயாளி வாயை மூடிக்கொள்ளட்டும், ஊசியை மட்டும் நிறுத்தக்கூடாது என்றார்.

புத்திக்குப் புரிகிறது. தொண்டைக்குப் புரியவில்லை.

14, குருத்தோலை ஞாயிறு

வேர்வையில் ஓலை வழுக்கியது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளிடம், லெந்துக்கு யார் யார் எதை விட்டீர்கள் என்று கேட்டேன். சர்க்கரை, முறுக்கு. ஒரு பெண் எழுந்து, "நான் கத்தரிக்காயை விட்டுட்டேன் டீச்சர்." பக்கத்துப் பெண்: "பொய் டீச்சர்! அவளுக்குக் கத்தரிக்காயே ஆகாது!" எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கத்தரிக்காய்தான். நல்ல உதாரணம். எனக்கே.

16, செவ்வாய்

ஸ்ரீரங்கம். ஊசி போட்டுக்கொள் என்று மன்றாடினேன். சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"குணமாகி என்னடீ பண்ணப் போறேன் ஞானம்? மன்னி பாலைக்கூட நிலைப்படியிலே வச்சிட்டு ஓடறா. என் கையால யாரு ஒரு வாய் தண்ணி குடிப்பா? நீ குடிப்பியோ?"

"ஈஸ்டர் வரட்டும்" என்றேன்.

"வரட்டும், வரட்டும். உனக்கு அப்புறம் வேற ஏதாவது பண்டிகை வரும்."

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

பஸ்ஸில் பழைய நினைப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அம்மா எனக்கென்று கிணற்றடியில் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பார். ஒரு நாள் ரங்கம் அதை எட்டித் தள்ளிவிட்டு, தன் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அம்மா வெகுநாள் அவளோடு பேசவில்லை. அன்றைக்கு அவள் டாக்டரைக் கேட்கவில்லை.

18, பெரிய வியாழன்

இராப்போஜன ஆராதனை. ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவினதைப் பற்றிப் போதகர் ஐயர் பேசினார். கழுவுவது எனக்குச் சுலபம். அவள் துணி துவைக்கிறேன், நகம் வெட்டுகிறேன். அவள் கொடுத்தால் வாங்கத்தான் கை வரவில்லை. இப்படி ஒரு சேவையா?

சுகாதாரப் பாடத்தில், நோயாளியின் டம்ளரில் குடிக்காதே என்று, கரும்பலகையில் டம்ளர் வரைந்து சிவப்புச் சாக்கட்டியால் குறுக்கே கோடு போடுவேன். வருஷா வருஷம். அந்தக் கோடு கண்ணிலேயே நிற்கிறது.

குழந்தைக்கு லேசாகச் சளி. என்னால் இருக்குமோ? மேரி, பல் முளைப்பதால் என்கிறாள்.

19, பெரிய வெள்ளி

மூன்று மணி ஆராதனை முடிந்து நேரே பஸ். வாயில் தண்ணீர் படவில்லை. தலை சுற்றல்.

"இன்னிக்கு எதுக்குடீ வந்தே? உங்களுக்குத் துக்க நாளாச்சே."

"காப்பி குடு ரங்கம்."

என்னையே பார்த்தாள். "விரதம்?"

"குடுன்னா குடேன்."

டம்ளரைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். நான் கேட்கவில்லை, அவளாகவே. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்பை விசிறினாள். டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஜெபம் செய்தேன் என்று எழுத ஆசை. செய்யவில்லை. பேத்தியின் இரண்டு பல்தான் நினைவில்.

குடித்தேன். சர்க்கரை அதிகம்.

"மூஞ்சியைப் பாரு, கஷாயம் குடிச்சவ மாதிரி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையாம்.

20, சனி

தொண்டையில் கரகரப்பு. தூசியாக இருக்கும். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், வெட்கமாக இருந்தது.

அவள் ஊசி போட்டுக்கொள்கிறாளா என்று பார்க்க மறுபடி ஸ்ரீரங்கம். கம்பவுண்டர் வந்தார். ரங்கம் கையை நீட்டினாள். அண்ணாவின் மனைவி நிலைப்படியில் இருந்து, "ரங்கநாதா!" என்று கும்பிட்டார். உள்ளே வரவில்லை.

ஊசி முடிந்ததும் ரங்கம் அடுப்பை மூட்டினாள். "இன்னும் எத்தனையோ மாசம் குத்தணுமாம். நீ வந்து குடிக்கற வரைக்கும் நான் போட்டுக்கறேன். சரியா? நாளைக்கும் வா. நாளன்னிக்கும்."

ஒரு நாளைக்கென்றுதான் துணிந்திருந்தேன்.

சரி என்றேன். இன்றும் குடித்தேன்.

விடிந்தால் ஈஸ்டர். வெள்ளைச் சேலை இஸ்திரி ஆகவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தை இரண்டு கையையும் நீட்டியது. குளித்துவிட்டு வருகிறேன் என்றேன். குளித்தேன். மறுபடி சோப்புப் போட்டுக் குளித்தேன். துண்டோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கூடத்தில் குழந்தை இன்னும் அழுகிறது.