இடப்பக்கம் சின்ன அருவி

திருப்பூர்
4 மே 2025

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உங்கள் மகள் தபஸ்ஸுமும் நலம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் சாம்பிள் பார்சலிலேயே இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

நாம் அடித்த நயாகரா டி-ஷர்ட்டில் அருவி இடவலம் மாறியிருப்பதைப் பார்த்து, அங்கே நயாகராவில் உங்கள் அண்ணன் ரபீக் கடைக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் சிரித்தார்களே, அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அச்சு ஸ்கிரீன் போடும்போது படத்தின் ஃபிலிமைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள் என்று அன்றே சொன்னேன். "அருவிக்கு ஏது புள்ள இடமும் வலமும்?" என்றீர்கள். எழுத்துக்குத் தனி ஸ்கிரீன் என்பதால் அது மட்டும் நேராக விழுந்து நம்மை ஏமாற்றிவிட்டது.

நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிப்ரவரியில் போனீர்கள். பனி உருகினால்தான் படகு ஓடும் என்றீர்கள். இப்போது ஓடுகிறதாமே. பார்த்துவிட்டு ஒரு தேதி சொல்லுங்கள். பக்ரீதுக்கு இங்கே இருப்பீர்களா? பிரிண்டிங் டேபிளுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

உங்கள்
ஷமீமா

நயாகரா
21 மே 2025

அன்பு ஷமீமாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

படகில் போய்விட்டேன். ஆளுக்கொரு சிவப்பு மழைக்கோட்டு தந்தார்கள், நம் பேக்கிங் கவரைப் போல மெல்லிசு. சின்ன அருவி இடப்பக்கம் போனது. பெரிய அருவிக்கு அடியில் நுழைந்ததும் எதுவுமே தெரியவில்லை. முன்னால் வெள்ளை, மேலே வெள்ளை, முகமெல்லாம் தண்ணீர். இன்ஜின் முழுவேகத்தில் ஓடியும் படகு நின்ற இடத்திலேயே நடுங்கியது. பக்கத்தில் நின்றவர் கத்தியதுகூடக் கேட்கவில்லை. பயந்துதான் போனேன். ஆனாலும் திரும்பவே கூடாதென்று இருந்தது. கரைக்கு வந்தும் கால் நிற்கவில்லை, மறுபடி டிக்கெட் எடுத்தேன். "சரக்கு எப்போ, சரக்கு எப்போ" என்று திருப்பூரில் என்னை விரட்டிய சத்தம் அங்கே மட்டும்தான் காதில் இல்லை.

கடையைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். நீயும் தபஸ்ஸுமும் இங்கேயே வந்துவிடுங்களேன். யோசி கண்ணு.

முதஸ்ஸிர்

திருப்பூர்
9 ஜூன் 2025

மச்சானுக்கு, ஸலாம்.

பக்ரீது போய்விட்டது. "அத்தா ஃபிளைட் லேட்டுங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே தபஸ்ஸும் புது உடுப்போடு வாசலில் நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் தேதியைத் தேடினேன். சின்ன அருவி இடப்பக்கம் என்பது மட்டும் கிடைத்தது. அதுவும் உதவியது. ஃபிலிமைச் சரியாக வைத்து, நானே ஸ்கிரீன் போட்டுப் புது லாட் அடித்துவிட்டேன். இந்தப் பார்சலில் இருக்கிறது.

நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. இந்த டேபிளும் இந்தச் சாய வாசமும் எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களை விரட்டிய சத்தத்தில்தான் எனக்குத் தூக்கமே வருகிறது.

டி-ஷர்ட் படத்தில் அருவிக்குக் கீழே ஒரு படகும் அதில் ஒரு ஜோடியும் இருக்கட்டும் என்று உங்கள் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். நான் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு ஆளை மட்டும் வைத்திருக்கிறேன். அருவியைப் பார்த்தபடி நிற்கிறார், முதுகுதான் தெரியும்.

இனி தேதி கேட்க மாட்டேன்.

ஷமீமா