அந்த அஞ்சு காசு யார் பக்கம்?

பீடோங்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி கவினும் ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், ஆளையே தள்ளுகிற காற்று என்று நீ சொல்கிற அந்த நியூசிலாந்து வெலிங்டனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ நாலு சொல்லி முடித்துவிடுகிறாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் அரிசி மூட்டையைத் தூக்காதீர்கள் என்றால் கேட்பதில்லை. கவினுக்குக் கூலிம் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது, முதல் சம்பளத்தில் எனக்குப் புடவை வாங்குவான் என்று பார்த்தேன், மோட்டார் சைக்கிளுக்கு டயர் வாங்கியிருக்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேறு யாராவது வாட்ஸாப்பில் உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் நூறு பேருக்கு முன்னால் எழுந்து நின்று, உன் கட்டுரையில் ஓர் இடம் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். கோபப்படாமல் முழுவதும் படி.

அஞ்சு காசு நாணயம் அடிப்பதை நம் மலேசியா நிறுத்திவிடலாம் என்று நீ எழுதியது பத்திரிகையில் வந்த அன்று அப்பா ஆறு பிரதி வாங்கி வந்தார். ஒன்றைக் கடையில் எண்ணெய் டின்களுக்கு மேலே ஒட்டிவைத்து, சாமான் வாங்க வருகிறவர்களை எல்லாம் நிறுத்திப் படிக்கச் சொன்னார், ஒருவர் ஐஸ் வாங்கிக்கொண்டு நின்றார், பாதி ஐஸ் கரைந்துவிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் கொஞ்சம் கோபமும் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். மற்ற கடைகளில் சில்லறைக்குப் பதில் மிட்டாயை நீட்டினபோதும் நம் கடையில் அஞ்சு காசை எண்ணிக் கொடுத்தவள் நான். அந்தக் காசே வேண்டாம் என்று என் மகளே எழுதுகிறாளே என்று இருந்தது. அப்புறம் திரும்பப் படித்தபோது, வெளியே போகிற அஞ்சு காசு கடைக்குத் திரும்பி வருவதே இல்லை, வீட்டுக்கு வீடு காலி மைலோ டின்னில் தூங்குகிறது, அதனால் மறுபடியும் மறுபடியும் புதிதாக அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மைலோ டின் விஷயம் நான் போனில் உன்னிடம் சொன்னது. ஆனால் கட்டுரையில் கெடாவைச் சேர்ந்த ஒரு சிறு வணிகர் கூறுகிறார் என்று போட்டிருந்தாய். யார் அந்தச் சிறு வணிகர் என்று அப்பா கேட்டார், நான் அரிசி அளக்கப் போய்விட்டேன். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

மண்டபத்தில், சாமான் வாங்குகிறவர்களுக்காகப் பேசுகிற பயனீட்டாளர் குழு கூட்டம் போட்டிருந்தார்கள், அஞ்சு காசு வேண்டுமா வேண்டாமா என்று. லோகேஸ்வரன் என்று ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து உன் கட்டுரையை முழுவதும் வாசித்தார், நன்றாகவே வாசித்தார். கடைசிக் காசைப் பக்கத்துப் பத்துக் காசுக்கு ஏற்றியோ இறக்கியோ முடித்தால் சில நாள் வாங்குகிறவருக்கு லாபம், சில நாள் கடைக்காரருக்கு லாபம், மொத்தத்தில் சமமாகிவிடும் என்று நீ எழுதின இடம் வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. ஒரு காசை நிறுத்தினபோது நானும் கல்லாவில்தான் இருந்தேன். ஒன்றும் இரண்டும் என்றால் கீழே, மூன்றும் நாலும் என்றால் மேலே அஞ்சுக்கு, அது நியாயம். ஆனால் அதற்கப்புறம் நம் கடையில் எல்லா விலையும் அஞ்சிலோ பூஜ்யத்திலோதான் முடிகிறது. அஞ்சு காசையும் எடுத்துவிட்டால், ஒரு வெள்ளி எண்பத்தைந்து காசு பில் ஒரு வெள்ளி எண்பதா, தொண்ணூறா? அஞ்சு சரியாக நடுவில் அல்லவா நிற்கிறது? அது எந்தப் பக்கம் விழும் என்று சட்டம் போடாவிட்டால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பக்கம்தான் விழும், தினமும் அதே பக்கம்தான். அப்புறம் எங்கிருந்து சமமாகும்?

இதைத்தான் எழுந்து கேட்டேன். அப்பா பின்னாலிருந்து முந்தானையை இழுத்தார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. அட்டையைத் தட்டிப் பணம் கட்டுகிறவருக்கு எண்பத்தைந்து என்றால் எண்பத்தைந்துதான் போகும். நம் பாப்பம்மாவை உனக்குத் தெரியும், செமிலிங் பக்கத்திலிருந்து வந்து இங்கே துப்புரவு வேலை பார்க்கிறாள், கையில் இருக்கிற காசுக்கு ஏற்ப காலையில் ரொட்டி, மத்தியானம் முட்டை, சாயங்காலம் கால் கிலோ வெங்காயம் என்று நாளைக்கு மூன்று தடவை வருவாள். மூன்று தடவையும் அவள் தலையில்தான் விழும், வருஷத்துக்குக் கூட்டினால் அவள் பையனுக்கு ஒரு ஜோடி பள்ளிச் சப்பாத்து. நான் சொன்னதும் லோகேஸ்வரன் மரியாதையாகத்தான் பேசினார், இது பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினவர் எழுதினது மேடம், அதெல்லாம் அவங்க யோசிச்சிருப்பாங்க லா என்றார். எனக்கு வாய் அடங்கவில்லை. அந்த டாக்டர் யோசிக்கலைங்க ஐயா, பெத்தவ நான்தான், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது. உன் கட்டுரையில் மற்றதெல்லாம் சரி, அந்தக் காசை நிறுத்தலாம், ஆனால் அஞ்சில் முடிந்தால் கீழேதான் போக வேண்டும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு நிறுத்துங்கள் என்றேன். கை தட்டினார்கள். லோகேஸ்வரன் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. படிக்கவைத்த பிள்ளையை ஊர் முன்னால் குறை சொல்லிவிட்டேனே என்று வீட்டுக்கு வரும் வரை வண்டியில் புலம்பிக்கொண்டே வந்தேன். அப்பாதான், நம்ம பிள்ளைக்கு மூளை எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னைக்குத்தான் ஊருக்குத் தெரிஞ்சுது என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் இப்படி ஒன்று சொல்லி நான் கேட்டதில்லை.

நீ இருக்கிற நாட்டில் அஞ்சு காசை நிறுத்திப் பல வருஷமாயிற்று, யாரும் அழவில்லை என்று எழுதியிருந்தாய். அங்கே அந்த நடுவில் நிற்கிற அஞ்சை என்ன செய்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. உன்மேல் குற்றமில்லை, நீயும் அட்டையைத் தட்டிவிட்டு நடக்கிறவள்தானே, சில்லறை கையில் வந்தால்தானே தெரியும். ஒருநாள் நோட்டும் சில்லறையுமாக எடுத்துக்கொண்டு போய் நாலு சின்னக் கடையில் ஏதாவது வாங்கிப் பார். நான் இங்கே திங்கட்கிழமையிலிருந்து அஞ்சில் முடிகிற பில்லை எல்லாம் கீழே இறக்கிப் பார்க்கிறேன், நாளைக்கு மூன்று வெள்ளி சொச்சம் போகிறது, அப்பா குடிக்கிற இரண்டு தே தாரேக் டீயின் காசு. தாங்கும். பாப்பம்மா மட்டும் முதல் நாள், மறந்துட்டீங்களாக்கா என்று அஞ்சு காசைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கட்டுரையைப் பெரிதாக்கிப் புத்தகத்தில் சேர்க்கப்போகிறார்கள், மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்றாய். அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலிலும் போடுகிறேன், அப்பா படம் பிடித்து வாட்ஸாப்பிலும் அனுப்புவார். நான் சொன்னது தப்பு என்றால் தப்பு என்று எழுது, நான் வருத்தப்பட மாட்டேன், மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தினவள்தானே. சரி என்றால் சேர்த்துக்கொள். ஆனால் சேர்த்தால் இந்தத் தடவை ஒரு சிறு வணிகர் என்று போடாதே. போன தடவை அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்து என்னைத் தேடினேன் ரூபினி. பெயரைப் போடு, அடையாளக் கார்டில் இருக்கிற மாதிரியே, உன் தாத்தா பெயரோடு போடு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கின மனுஷன், பேத்தி எழுதுகிற புத்தகத்தில் அவர் பெயரும் இருக்கட்டும்.

குளிருக்கு நல்ல மேல்சட்டையாக வாங்கு, எங்களுக்குப் பணம் அனுப்பாதே. முருகன் துணையிருப்பான், உன் எழுத்தும் உடம்பும் நன்றாக இருக்கட்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். மாதக் கடைசி, மறந்துவிடாதே.

இப்படிக்கு உன் அம்மா,
வாசுகி த/பெ முனியாண்டி,
மளிகைக் கடை, பீடோங், கெடா.
(இப்படியே போடு.)