கார்டுக்கு ஒரு நாள், பிரிண்டருக்கு ஒரு நாள்

இன்று பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு பள்ளிக்கூடச் சிறுமி. மடியில் இருந்த ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். வாசனை ரப்பர். எந்தப் பழத்திலும் இல்லாத அந்தப் பழ வாசனை.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிறுமி பாக்ஸை மூடி என்னிடமிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஏன் சிரித்தேன் என்று உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஏரி நிலையத்தின் பின்னறை. உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. கம்ப்யூட்டர்களைப் பேசவைக்கும் நெட்வொர்க் கார்டின் பொன்னிற விளிம்பு ஒரு வாரத்தில் கறுத்துவிடும். அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் போய்விடும் என்று நான்தான் சொன்னேன். மறுநாள் படகிலிருந்து இறங்கும்போதே உன் கையில் ரப்பர். ரோஸ் நிறம், ஒரு மூலையில் பல் பட்ட தடம். உன் அண்ணன் மகளுடையது.

"அவ அழுவுறா. கார்டு சரியாவலன்னா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டாளாம்."

வெளியே வலையும் கருவாடும் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே பழ மிட்டாய் வாசனை. நிலையத் தலைவர் எட்டிப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, யார் மிட்டாய் தின்பது என்று கேட்டார். நீ கார்டைக் காட்டினாய். இதுதான் சார் தின்னுது என்றாய்.

அந்த அறையை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மேசை. மெட்ராஸ் அலுவலகம் ஒன்று வேண்டாம் என்று அனுப்பிய பழைய கம்ப்யூட்டர் பெட்டி. அதைச் சர்வர் என்று அழைத்தோம். அதன் முதுகில் பிரிண்டர். முன்னறையில் ஜன்னலோரம் இன்னொரு பெட்டி, உன்னுடையது. ஏரியின் நீர்மட்டமும் உப்பும் அதில் நீ ஏற்றவேண்டும். அது சர்வருக்குப் போய்ச் சேரவேண்டும். பிரிண்டரில் தாளாக வரவேண்டும். தாளைப் படகுத்துறைப் பலகையில் ஒட்டவேண்டும். முகத்துவாரம் மணலில் அடைபடுகிறதா, இறால் ஏறி வருமா என்று கடலுக்கும் ஏரிக்கும் போகிறவர்கள் அதில் பார்ப்பார்கள். அவ்வளவுதான் திட்டம்.

உன் வேலை தற்காலிகம். பெட்டிகள் இரண்டும் ஒழுங்காகச் சேர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் ஆகும். பொங்கலுக்குப் பிறகு மெட்ராஸிலிருந்து அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். செய்யாவிட்டால் பெட்டிகளைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள்.

"பொட்டி போச்சுன்னா நானும் எறால் கொட்டாய்க்குத்தாண்டி," என்றாய் ஒரு நாள் படகில். உன் அம்மா அங்கேதான் இறால் தலை கிள்ளினாள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை என்றாய். பிறகு கையை விரித்துப் பார்த்துக்கொண்டாய். "ஐஸ்ல வெரலு மரத்துப்பூடும். இங்க வெரலு பேசுது."

நான் இயற்பியல் படித்துவிட்டு, ஒரு பேராசிரியரின் சிபாரிசில், பெட்டிகளை இணைத்துத் தர வந்தவள். இணைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

கார்டைச் சர்வரில் செருகினோம். முன்னறைப் பெட்டி பேசியது. பின்னறைப் பெட்டி பதில் சொன்னது. நீ கைதட்டினாய். பிரிண்டர் மட்டும் செத்துப்போனது. ஒரு நாள் அசையாது. இன்னொரு நாள் பக்கம் முழுக்கப் பூச்சி பூச்சியாக எழுத்து. கார்டைக் கழற்றினால் பிரிண்டர் பிழைத்துக்கொள்ளும். கார்டு உள்ளே போனால் மறுபடி சாவு.

பெட்டி பழசு, கார்டு புதுசு, டிரைவர் பொருந்தாது என்றார் கார்டு விற்ற மெட்ராஸ் கடைக்காரர். கார்டை எப்படி நடத்துவது என்று பெட்டிக்குச் சொல்லித்தரும் சின்ன நிரல்தான் டிரைவர். வேறு வேறு டிரைவர்களைப் பிளாப்பியில் போட்டு அனுப்பினார். பொன்னேரி வரை ஒரு பஸ், அங்கிருந்து திருப்பாலைவனம் வழியாக இன்னொரு பஸ். கண்டக்டர் அதை டிக்கெட் பையில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவருவார். நீ துறையில் நின்று கத்துவாய்: "வாடி, டிரைவரைக் கண்டக்டரு கூட்டியாந்துட்டாரு."

எந்த டிரைவரும் உதவவில்லை. கேபிளை மாற்றினோம். கார்டையும், பிரிண்டர் கேபிளை மாட்டும் பலகையையும் இடம் மாற்றிச் செருகினோம். பெட்டிக்குள் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு முகவரி உண்டு, ஓர் எண். இரண்டுக்கு ஒரே எண் இருந்தால் மோதும். அதையும் பார்த்தோம். கார்டுக்கு 360. பிரிண்டருக்கு 378. வேறு வேறு. இடத்தில் தகராறு இல்லை என்று முடிவுகட்டினோம்.

அப்போதுதான் நீ பாடு போட்டாய்.

மீன் நன்றாகப் படும் இடங்களில் உங்கள் ஊரில் எல்லோரும் ஒரே நாளில் இறங்கமாட்டார்கள். இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள். முறை வைத்து இறங்குவதற்குப் பாடு என்று பெயர். பிறந்ததிலிருந்து நீ பார்த்து வளர்ந்த நியாயம் அது. ரெண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்றால் முறை வைப்பதுதானே வழி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றாய்.

ஒரு நாள் கார்டுக்கு. ஒரு நாள் பிரிண்டருக்கு.

காலையில் வந்ததும் மூடியைத் திறப்பாய். ஒரு பலகையை உருவுவாய், மற்றதைச் செருகுவாய், செருகும் முன் ரப்பரால் தேய்ப்பாய். சர்வரின் நெற்றியில் சாக்பீஸால் எழுதுவாய்: இன்று கார்டு பாடு. கார்டு நாளில் கணக்கெல்லாம் சர்வருக்கு வந்து சேரும். மறுநாள் அச்சாகும். துறையில் ஒட்டும் தாள் ஒரு நாள் பழசு. பரவாயில்லை என்றார்கள், மணல் அவ்வளவு வேகமாக நகராது.

நான் சிரித்தேன். ஆனால் நடந்தது. பெரிய படிப்பெல்லாம் படித்தவள் காலையில் முதல் வேலையாகச் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஒருமுறை தலைவர் அவசரமாக ஒரு தாள் கேட்டார். நீ நிமிரவே இல்லை. "இன்னிக்கு பிரிண்டருக்குப் பாடு இல்ல சார்." அவர் மன்னிப்புக் கேட்கிற குரலில் சரிம்மா என்றார்.

அதிகாரிகள் வரும் நாளுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தோம். முதலில் பெட்டிகள் பேசுவதைக் காட்டுவது. பிறகு தலைவர் அவர்களை டீக்கு அழைத்துப்போவார். அந்த நேரத்தில் கார்டைக் கழற்றிப் பிரிண்டர் பலகையைச் செருகிவிடுவது. திரும்பி வந்ததும் அச்சடித்துக் காட்டுவது. நீ அதை ஒத்திகை பார்த்தாய். உன் கை அத்தனை வேகம்.

வந்தவர்கள் இருவர். மூத்தவர் முன்னறைப் பெட்டியைப் பார்த்தார். பின்னறையைப் பார்த்தார். இங்கே அடியுங்கள், அங்கே தாள் வரட்டும், என் கண் முன்னால், என்றார். தலைவர் டீயை ஞாபகப்படுத்தினார். அப்புறம் குடிக்கலாம் என்றார் அவர்.

தலைவர் உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். ஒரு சின்ன வேலை பாக்கி, இதோ, என்று நான் ஏதோ சொன்னேன். இருவரும் பின்னறைக்குள் வந்து கதவைச் சாத்தினோம். நெற்றியில் உன் கையெழுத்து. இன்று கார்டு பாடு.

மூடியைத் திறந்தாய். பிரிண்டர் பலகையைக் கையில் எடுத்தாய். எங்கே செருகுவது, செருகி என்ன பயன். உன் மேலுதட்டில் வியர்வை. அன்றுதான் முதல் தடவையாக உன்னிடம் ஒரு கேலியும் வரவில்லை.

கதவுக்கு வெளியே தலைவரின் குரல். அவர்களை ஜன்னலுக்கு அழைத்துப்போய்ப் பூநாரைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏரியில் ஒரு பூநாரையும் இல்லை. அதோ அந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் தள்ளி, என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் எண்களை மறுபடி முணுமுணுத்தேன். 360. 378. வேறு வேறுதானே.

நீ பலகையைக் கையில் வைத்தபடியே கேட்டாய்.

"ஏண்டி, முன்னூத்தறுவதுன்றியே, அது கழி நட்ட எடமா, வலை முழுசுமா?"

எனக்குப் புரியவில்லை.

"கழி இங்க நடுவாங்க. வலை அப்டியே நீட்டிக்கினு போவும். உன் கார்டு வலை எம்மாம் தூரம்?"

முப்பத்திரண்டு இடம். கார்டு 360இல் தொடங்குகிறது, அங்கிருந்து முப்பத்திரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறது. அது எனக்குத் தெரியும், எப்போதும் தெரியும். பதினாறு பதினாறாக எண்ணும் இயந்திரக் கணக்கில் விரலை விட்டு எண்ணினேன். 378 அதற்குள்ளே கிடந்தது. நடுவில்கூட இல்லை, வால் பகுதியில்.

சொன்னேன்.

"அப்ப வாலு பிரிண்டரு மேல கெடக்குது," என்றாய். சிரிக்க ஆரம்பித்தாய். நானும். வாயைப் பொத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து. இத்தனை நாள் முறை வைத்து இரண்டையும் மாறி மாறிப் பட்டினி போட்டிருக்கிறோம். கழியைக் கொஞ்சம் தள்ளி நட்டிருந்தால் போதும்.

தள்ளி நட்டோம். கார்டில் வரிசையாக ஊசிகள், அவற்றின் மேல் தொப்பி போலச் சின்ன ஜம்பர்கள். நீ நகத்தால் ஒன்றைக் கழற்றிப் பக்கத்து ஊசியில் மாட்டினாய். 340. அங்கே யாரும் இல்லை, வலை விரிய இடம் தாராளம். புது எண்ணை டிரைவருக்கு நான் சொன்னேன். கார்டும் பிரிண்டர் பலகையும், பாடு போட்ட பிறகு முதல் தடவையாக, ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில். சர்வர் எழுந்துகொள்ள எடுத்த நேரத்தில் நீ என் கையைப் பிடித்திருந்தாய். வலித்தது.

நீ முன்னறைக்குப் போய் உட்கார்ந்தாய். எதையாவது அடியுங்கள் என்றார் மூத்தவர். பேசும் விரல்கள். பின்னறையில் பிரிண்டர் கீச்சிட்டது. அவரே போய்த் தாளைக் கிழித்து எடுத்தார். அன்றைய நீர்மட்டம், உப்பு. அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி. எழுத்துக்கூட்டி வாசித்தார்.

இன்னிக்கி ரெண்டு பேருக்கும் பாடு.

இது என்ன என்றார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏரியின் மீன்பிடி முறை பற்றி மிக விரிவாக, மிகத் தீவிரமாக விளக்கினார். மூத்தவர் நெடுநேரம் சர்வரின் நெற்றியையே பார்த்தார். பிறகு டீ கேட்டார்.

பெட்டிகள் போகவில்லை. உன் பணி ஆணை மழைக்கு முன்னால் வந்தது. படகில் எழுந்து நின்று வாசித்தாய். உக்காரு புள்ள, எல்லாரையும் கவுத்துடாதே என்று படகுக்காரர் வைதார். நீ உட்காரவில்லை.

"நிரந்தரம்னா எம்மாம் நாளுடி?"

ஐம்பத்தெட்டு வயது வரை என்றேன்.

"அதுவரிக்கும் இந்தப் பொட்டி தாங்குமா?" என்றாய். அதுதான் உன் கவலை.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல். நான் மெட்ராஸில் இருந்தேன். எனக்குச் சேதி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. உனக்கும் அது பிடிக்காது.

உன் நைனாவைப் பார்க்கப் போனேன். வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வேலைக்கு வேறு ஆள் வருமா என்று கேட்டார். வரும், அது நிரந்தர இடம், யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள் என்றேன். வலையை மடித்துக்கொண்டே, "எம்பொண்ணு வாங்கின எடம்," என்றார். இப்போது காட்டூரிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்து அந்த ஜன்னலோரம் உட்காருகிறாள். தாள் தினமும் துறையில் ஒட்டப்படுகிறது. அன்றைய தாள், அன்றைக்கே.

எனக்கு இப்போது இதுவே பிழைப்பு. அலுவலகம் அலுவலகமாகப் போகிறேன். பழைய சர்வர்கள், புதுக் கார்டுகள், பொருந்தாத டிரைவர்கள். எல்லோரும் முதலில் எதையாவது குற்றம் சொல்கிறார்கள். நான் மூடியைத் திறக்கிறேன். நீ கேட்டது போலவே கேட்கிறேன், ஒவ்வொரு பலகையிடமும், வாய்விட்டு: கழி எங்கே, வலை எவ்வளவு தூரம்.

போன வாரம் ஒரு குமாஸ்தா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மேடம் மீன்பிடிக்கிற ஊரா என்றார்.

ஆமாம் என்றேன். உன் ஊரின் பெயரைச் சொன்னேன்: பழவேற்காடு.

பொய் சொன்னதாகவே தோன்றவில்லை.