மேலை வாயில் அடைக்கப்படவில்லை

கடல் காவலும் உப்பளமும் முத்துக் குளிக்கும் சலாபமும் உடைய ஆழித்துறை நாட்டை ஆளும் வெண்கொற்றி, செம்பாற்றின் மேல்கரையில் மலைநாடு தாங்கி நிற்கும் பெருவரைக்கோ திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க, தினைப்புனங்கள் தழைக்க, தங்கள் கோலின் நிழலில் வாழ்வோர் நோயின்றி இருக்க.

ஆற்றின் இரு கரையிலும் படை இறங்கி நிற்கும்போது வாழ்த்து எதற்கு என்று தாங்கள் நகைக்கலாம். மனமாரவே வாழ்த்தினோம். பொறுமையோடு மேலே படிக்க வேண்டுகிறோம்.

வால்வெள்ளி முதலில் அந்தி நேரத்து மேல்வானில் தோன்றியபோது, அதன் வால் கிழக்கு நோக்கி எம் நாட்டின்மேல் நீண்டது. வால் எந்நாட்டை நோக்குமோ அந்நாடு அழியும் என்பது இரு நாட்டாரும் நம்பி வந்தது. அத்துணிவில் தாங்கள் படையெடுத்தீர்கள். யாமோ முன்னோர் வழக்கப்படி, வால் காட்டும் திசையிலுள்ள கோட்டை வாயிலைக் கல் வைத்து அடைத்தோம். அது எம் கடல் வாயில். அடைத்து முடித்த பிறகே, வலைஞர் கூடைகள் நகருக்குள் வர வேறு வழியில்லை என்பது அமைச்சர்களுக்கு நினைவு வந்தது. அன்று முதல் அரண்மனையிலும் வெறும் புளிச்சாறுதான்.

பின்னர் வால்வெள்ளி கதிரவன் ஒளியில் மறைந்து, இப்போது விடியலுக்கு முன் கீழ்வானில் எழுகிறது. வால் மேற்கு நோக்கித் தங்கள் மலைகள்மேல் கிடக்கிறது. எம் படைத்தலைவர்கள் பூரித்துப் போய், ஆற்றைக் கடக்க ஆணை வேண்டி எம்மை நச்சரிக்கிறார்கள். கொத்தர்களோ, இனி மேலை வாயிலையும் அடைக்க வேண்டுமா என்று களைத்த முகத்தோடு வந்து நின்றார்கள். அதையும் அடைத்துவிட்டால் ஆற்றங்கரையில் நிற்கும் படைக்குச் சோறு எவ்வழியே போகும் என்று ஒருவரும் எண்ணவில்லை.

அவ்வேளையில் ஆற்றுத்துறையில் பிடிபட்ட தங்கள் குதிரைவீரன் ஒருவன், வேடிக்கைபோல் ஒரு செய்தி உரைத்தான். தங்கள் அவையின் வானக்கணி சேந்தி என்பாள், வால் எந்த நாட்டையும் நோக்குவதில்லை என்றும், கதிரவனுக்கு எதிர்ப்புறம் ஒதுங்குவதே அதன் இயல்பு என்றும், விடியலில் எழுந்தால் அது தங்கள் மலைகள் பக்கமே நீளும் என்றும், படை புறப்படுமுன் தங்கள் முகத்துக்கு நேரே சொன்னாளாம். வீரர்களின் ஊக்கத்தைக் கெடுத்தாள் என்று தாங்கள் அவளை நிலவறையில் அடைத்தீர்களாம். எம் கணிகள் இதைக் கேட்டுச் சினந்தார்கள். அந்தியில் கண்டதையும் விடியலில் கண்டதையும் மணலில் வரைந்து பார்த்தபின், அவள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார்கள்.

வேந்தே, அவள் சொல்லைத் தாங்கள் ஏற்றிருந்தால் இப்போர் மூண்டிராது. யாம் ஏற்காதிருந்தால், இந்நேரம் ஆற்றைக் கடந்து, வாலைக் கண்டு நடுங்கி நிற்கும் தங்கள் படையை வெட்டிச் சாய்த்திருப்போம். தங்கள் வீரர்கள் உயிரோடிருப்பது அவளால்தான். அவளைப் போன்ற ஒருத்தி எம் அவையில் இல்லையே என்று எமக்குப் பொறாமையாகவும் இருக்கிறது.

யாம் திறை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. சேந்தியை விடுவியுங்கள். வால்வெள்ளி நாளுக்கு நாள் மங்குகிறது. நம் பேரர் காலத்திலும் அது திரும்பாது என்கிறார்கள். இரு நாட்டிலும் அதைச் சரியாக அறிந்த ஒரே ஒருத்தி, சாளரம் இல்லாத அறையில் கிடக்கிறாள். தான் சொன்னபடியே வால் திரும்பியது என்பதைக்கூட அவளிடம் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நினைக்கும்போது எமக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. விடுவிக்கத் தங்களுக்கு மனம் வராவிட்டால், ஒரே ஒரு விடியலில் அவளை மதில்மேல் ஏற்றிக் கீழ்வானைக் காட்டுங்கள். நம் வீம்பு தணியும்வரை வால்வெள்ளி காத்திராது.

ஆழித்துறை எல்லைக்குள் இது ஆணை: படை பாசறை கலைத்து ஊர் திரும்புக. கடல் வாயிலின் கற்கள் பெயர்க்கப்படுக. மேலை வாயிலை எவரும் அடைக்கலாகாது. சேந்தி இங்கு வர விரும்பினால் அது அவளுக்காகத் திறந்திருக்கும்.

ஓலை கொணர்பவன் அந்தக் குதிரைவீரனே. சோறிட்டு, அவன் குதிரையையும் கொடுத்து அனுப்புகிறோம். விடியலில் எம்மோடு மதில்மேல் நின்று பார்த்தபின், அவள் சொல்லை அவன் வேடிக்கையாகப் பேசுவதில்லை.

இதற்குச் சங்கு முத்திரை இட்டோம். யாம் பார்த்துவிட்டோம், அவளும் பார்க்கட்டும்.