கார்டில் எழுதிய காய்ச்சல்

2006 ஜூலை 4, செவ்வாய்

விடாத மழை. குடைக்கம்பி ஒடிந்தது.

புஷ்பத்தின் மகளுக்கு இன்றும் சின்னமுத்து (தட்டம்மை) ஊசி போடவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் எச்.ஐ.வி. தோட்டத்தில் அவளுக்கும் மருத்துவிச்சி எனக்கும் மட்டுமே தெரியும். பிள்ளையின் ரத்த அணு எண்ணிக்கை கொழும்பிலிருந்து வரும்வரை ஊசி கூடாது, டொக்டர் கட்டளை. ரத்தம் அனுப்பி ஏழு வாரம். வந்தபாடில்லை. பிள்ளையின் ஊசிக் கார்டில் காரணம் எழுத வேண்டுமே, உண்மையை எழுதினால் பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். ‘காய்ச்சல். பிறகு.’ மூன்றாவது தடவை.

ஜூலை 5, புதன்

பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ராணியக்கா, புஷ்பத்தின் பிள்ளையை எடுக்க மாட்டாளாம். “ஊசி போடாத புள்ளைய மத்த புள்ளைகளோட எப்படிங்க விடுறது?” தப்பில்லைதான். பிள்ளையை விட இடமில்லாமல் புஷ்பத்துக்கு வேலை போகிறது.

அவளிடம் மறுபடி விளக்கம். ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி, பலவீனமாக்கியது. அதோடு சண்டை போட்டு உடம்பு பழகும். சண்டைக்கு ஏவிவிடும் ரத்த அணுதான் உடம்பின் கங்காணி. எச்.ஐ.வி. கங்காணியைத்தான் அடிக்கிறது. ஏவ ஆளில்லாவிட்டால் ஊசி பிடிக்காது. மிகக் குறைந்துபோனால் ஊசிக் கிருமியே பிள்ளையைப் படுக்கப் போட்டுவிடும்.

“கங்காணி இல்லாட்டி நாங்க நிம்மதியா கொழுந்தெடுப்போமே மிஸ்ஸி!”

எரிச்சல். சிரிப்பும். வேறு உதாரணமே கிடைக்கவில்லையா எனக்கு?

“அப்ப எத்தன கங்காணி மிச்சம்னு பாக்கத்தான் கொழும்புக்கு அனுப்புனீங்களா?”

புரிந்திருக்கிறது.

ஜூலை 7, வெள்ளி

ஆஸ்பத்திரிக்கு நான்கு தடவை போன். கடைசியில், “ஹெட்ட கதா கரன்ன.” நாளைக்குப் பேச வேண்டுமாம். நாளை சனி! யார் இருப்பார்கள்?

வாங்க: மண்ணெண்ணெய், சவர்க்காரம், குடை.

ஜூலை 11, செவ்வாய்

வெயில். காலையில் போன் வந்தது. எண்ணிக்கை மிகமிகக் குறைவு, ஊசி கூடவே கூடாது. நல்லவேளை போடவில்லை என்று புஷ்பத்தின் லயத்து வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் ராணியக்கா, முகமெல்லாம் சிரிப்பு. “நேத்து புஷ்பத்த வேலைக்குப் போகச் சொல்லிட்டு நானே புள்ளைய பூண்டுலோயா கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன் மிஸ்ஸி. பாவம், எத்தன நாளு வேலையில்லாம கெடப்பா? அங்கன உள்ள மிஸ்ஸி கார்டப் பாத்தாங்க. காய்ச்சல்தான் விட்டுருச்சேன்னு ஊசியப் போட்டுட்டாங்க.”

புஷ்பம் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். “பெரிய உதவிங்கக்கா” என்றாள். வேறென்ன சொல்வாள்?

கார்டை வாங்கிப் பார்த்தேன். காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். எல்லாம் என் எழுத்து. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ராணியக்கா போனதும் புஷ்பம் கேட்டாள்.

“எத்தன கங்காணி மிச்சம் மிஸ்ஸி?”

“புள்ளைக்குத் துணி எடுத்துக்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டரை பஸ்ஸப் புடிக்கணும்.”