பழைய கெர்னலின் முதல் வரி

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான், மாப்ளே. புதுக் கம்பைலர் நம் பழைய கம்ப்யூட்டரைக் கொல்லும் என்று ஓசூரிலேயே முதலில் சொன்னவன், எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான். "மச்சான், கம்பைலர்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று நீ சிரித்தாய்.

இன்று காலை பட்டறையைத் திறந்ததும் மானிட்டரில் தூசி சூடாகும் வாசனை. ஸ்பிரிங் சோதிக்கும் மெஷினை ஓட்டுகிற அந்த ஃபோர் எய்ட்டி சிக்ஸ் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டிருந்தது. அதை எழுப்பி ஓட்டுகிற ஆதார புரோகிராம்தான் கெர்னல்; அதைக் கட்டியவன் பெயர் திரையின் முதல் வரியிலேயே வருமே, அங்கே நீ. ஒகேனக்கலில் உன் சாம்பலைக் கரைத்த பிறகும் தினமும் வேலைக்கு வந்துவிடுகிறாய். அந்த வரி மேலேறி மறையும்வரை என் தங்கச்சி, உன் பெண்டாட்டி, கண் சிமிட்டுவதில்லை.

புது நெட்வொர்க் கார்டுக்காகப் போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தாள். அவன் கட்டிய கெர்னல் அவனுடைய லேப்டாப்பில் குதிரையாய் ஓடியது. நம்மிடம், தொடங்குகிறேன் என்று ஒரே ஒரு வரி, பிறகு கறுப்பு. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. ஃபேன் மட்டும் சுற்றியது. பேச வாயெடுத்தவர் அப்படியே நின்றுபோனது போல. "நாம எழுதறதைப் புதுக் கம்பைலர் புதுச் சிப்போட பாஷையிலதான் மாத்தும் மச்சான், பழசுக்குப் புரியாம உறைஞ்சிடும்" என்று சிரித்து முடித்துவிட்டு நீயே விளக்குவாய். பழைய சிப்புக்கென்றே கம்பைலரிடம் சொல்லியும் அந்த இன்ஜினியர் கட்டிப் பார்த்தான். அதே கறுப்பு. பெட்டியைத் தொட்டேன், பனிக்கட்டி, மாப்ளே! நம் பக்கத்து மலையூர் தளியின் மார்கழியில்கூட அப்படி ஒரு குளிர் கிடையாது.

"ஹளேது பேடாக்கா, பழசு வேணாம், டிஸ்க்ல இடமில்ல. பழசை அழிச்சிட்டு வேற மாதிரி போடறேன்" என்றான். உன் கம்பைலர் இருந்த சிடியோ பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. அழித்தால் அழித்ததுதான், மெஷினும் போகும், அவள் பிழைப்பும் போகும்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஏண்ணா, இதப் பத்தி அவரு எதாச்சும் சொல்லிட்டுப் போனாரா?"

"சொன்னாரும்மா. ஆஸ்பத்திரியில என் கையைப் புடிச்சிக்கிட்டு, 'பழசை அழிக்க விடாதீங்க மச்சான்'னாரு."

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

உன் பழைய கெர்னலிலேயே மெஷின் ஓடுகிறது. அந்த வாக்கியத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், நீ இழுத்துப் பேசுவது போலவே இழுத்து. இப்போதெல்லாம் எனக்கும் அது உன் குரலில்தான் கேட்கிறது. பட்டறையில் தனியாக இருக்கும்போது, காதருகில்.

ஆனால் நீ அப்படிச் சொல்லவே இல்லை, மாப்ளே. கடைசிவரை உன் வாயில் குழாய் இருந்தது.