சண்டை வராத புத்தகங்கள்

என் சண்டைக்கார அக்காவுக்கு,

போன வாரம் உன் போட்டோவை மாலையோடு மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தேன். வேங்கிக்காலில் ஏறியதுமே டிரைவர் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்து, "எப்பம்மா ஆச்சு?" என்றார். "போன வருஷமே ஆயிடுச்சுங்க, இன்னிக்குத்தான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றேன். மனுஷன் முன்னால் திரும்பி வண்டியை விரட்டினார். என் காலடியில் உன் புத்தகப் பெட்டி இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். கோபப்படாதே என்று சொல்லமாட்டேன். நன்றாகக் கோபப்படு.

நீ அத்தனை வருஷம் பாடம் எடுத்த பள்ளிக்கூடத்தில் உன் பெயரில் நூலகம் திறக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு கரஸ்பாண்டென்ட் என் தையல் கடைக்கே வந்தார். ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கென்று நீ கடைசியாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த புத்தகங்களைக் கேட்டார். மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன். எனக்கென்று ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளாமல் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன்.

நீ புத்தகம் தேர்ந்தெடுக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? ஒரு கதையை இரண்டு பிள்ளைகளிடம் கொடுப்பாய். படித்துவிட்டு வந்து இரண்டும் "நல்லா இருக்கு மிஸ்" என்றால் அதோடு அந்தப் புத்தகத்தை மறந்துவிடுவாய். அடித்துக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்கு வாங்குவாய். "சண்டை வரலன்னா யாருக்கும் எதுவும் ஒட்டலன்னு அர்த்தம்டி" என்று என்னிடம் சொல்வாய். எனக்கு அப்போது சிரிப்பாக இருக்கும்.

திறப்பு விழாவில் உன் போட்டோவுக்குச் சாமந்தி மாலை, வாசலில் உன் பெயர் எழுதின பலகை, ரிப்பன் வெட்ட நான். உள்ளே போய் அலமாரியைப் பார்த்தேன். எல்லா அட்டையிலும் ஒரே குடும்பம். அப்பா சோபாவில், அம்மா அடுப்படியில், ரோஸ் கன்னத்தோடு இரண்டு பிள்ளைகள், ஒரு நாய்க்குட்டி. பெரியவர் பேச்சைக் கேள், பொய் சொல்லாதே, தினமும் பல் தேய். மீசை முளைக்கிற பையனைப் பல் தேய்க்கச் சொல்லும் புத்தகம், அக்கா! உன் பெயரில்!

"அக்கா எடுத்து வெச்ச புக்ஸ் எங்க சார்?" என்று கேட்டேன்.

"கமிட்டி பாத்துச்சும்மா. கொஞ்சம் ஜாஸ்தியா போவுது" என்றார் கரஸ்பாண்டென்ட். பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரர் விளக்கினார். ஏரிக்கரை இருளர் பெண் கதையா, அது நம்ம பசங்களுக்கு எதுக்கு? நோன்பு பிடிக்கிற பையன் கதையா, எதுக்கு வம்பு? சக்கர நாற்காலியில் இருக்கிற பையனா, பாவம், படித்தால் மனசு கஷ்டப்படும். அந்தப் பையன் கதை முழுக்க வாத்தியாரை ஏய்த்துக்கொண்டு திரிகிற போக்கிரி என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. கடைசியாக, குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிற அப்பாவின் கதை.

"நல்ல வீட்டுப் பசங்க படிக்கிற ஸ்கூல்மா இது. நம்ம வீடுங்கள்ல இந்த மாதிரிலாம் நடக்கறதே கிடையாது."

"படிச்சிங்களா சார்?"

"அட்டைக்குப் பின்னாடியே போட்டிருக்குதேம்மா."

"கமிட்டியில யாராவது சண்டை போட்டாங்களா?"

"சேச்சே! எல்லாரும் ஒரே மனசா முடிவு பண்ணோம்."

உன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினேன். "மாலை போட்டதை எடுக்காதம்மா, ஆவாது" என்று யாரோ ஒரு அம்மா பதறினாள். "எங்க அக்காதானே, ஒண்ணும் பண்ணமாட்டா" என்றேன். மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் உன் பெட்டி கிடந்தது. அட்டையைப் பார்த்த கையோடு மறுபடி கயிறு கட்டிப் போட்டிருந்தார்கள், பாவிகள். வாசலில் இருந்த பலகையையும் இழுத்துப் பார்த்தேன். ஆணி அடித்திருந்தார்கள். வரவில்லை.

நீ உயிரோடு இருந்தபோதும் உன்னிடம் இப்படித்தான் பேசினார்களா? அப்போதும் வீட்டுக்கு வந்து தோசை ஊற்றிக்கொண்டு சிரித்தாயா? ஒரு வார்த்தை ஏன் என்னிடம் சொல்லவில்லை? உன்னைச் சாதுவான டீச்சர் என்று விழாவில் புகழ்ந்தார்கள். எரிச்சலாக வந்தது.

பெட்டியை என் கடையில் துணி வெட்டும் மேஜைமேல் வைத்தேன். சுடிதாரில் பக்கத் தையலைப் பிரித்துவிடச் சொல்லி அதே பள்ளிக்கூடத்து ஒன்பதாவதுப் பெண்கள் இருவர் வந்தார்கள். காத்திருந்த நேரத்தில் பெட்டியைக் கிளறி, அந்தக் குடிகார அப்பா கதையை ஒருத்தி எடுத்துப்போனாள். அப்புறம் மற்றவள் வாங்கிப் படித்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் சுடிதாரை வாங்கிப்போக இருவரும் வந்தார்கள். வாசல்படி ஏறும்போதே சண்டை.

"எல்லாம் பொய்டி. எந்த அப்பாவும் இப்படி அடிக்கமாட்டாரு" என்றாள் ஒருத்தி.

"உனக்கு என்ன தெரியும்? அடிப்பாரு. ஆனா காலையில மல்லிப்பூ வாங்கிக்கிட்டு வருவாரு. அம்மாவும் வெச்சிக்குவாங்க. அதை இந்தக் கதையில எழுதவே இல்ல பாரு, அதுதான் பொய்."

நான் மெஷினை விட்டுக் காலை எடுத்தேன். சொன்னவளுக்கு, தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் புரிந்தது. முகம் கன்றிப்போய், சுடிதாரை மடிக்கிறேன் என்று திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

நல்ல வீட்டுப் பெண், அக்கா. அந்தக் கமிட்டி சொல்கிற அதே நல்ல வீடு. யார் என்று எழுதமாட்டேன், இந்தக் கடிதம் நாலு பேர் கண்ணில் படலாம். போகும்போது புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். நானும் கேட்கவில்லை. "இது மாதிரி வேற இருக்காக்கா?" என்று மட்டும் கேட்டாள். நீ இருந்திருந்தால் சரியானதை எடுத்துக் கொடுத்திருப்பாய். எனக்கு எது என்று தெரியவில்லையே. ஏன்டி இப்படிப் பாதியில் போனாய்?

அந்தப் பலகையைக் கழற்றாமல் விடமாட்டேன். அதுவரை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் என் கடை பூட்டியிருக்காது, மலை சுற்ற வருகிற பௌர்ணமிக் கூட்டத்திலும்கூட. ராத்திரியில் உன் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறேன். அவள் மறுபடி வருவதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்து வைப்பேன்.

சண்டை போட ஆளில்லாமல்,
உன் தங்கச்சி கலா